பாட்டு கையில் இருக்கணும்: ஸ்ட்ரீமிங் காலத்திலும் திருட்டு எம்பி3 ஏன் ஒழியவில்லை?

காரில் பாட்டு ஓடும்போது டேஷ்போர்டு திரையைக் கொஞ்சம் கவனியுங்கள். பாட்டின் பெயர், ஒரு சின்னக் கோடு, அதற்கப்புறம் ஏதோ ஒரு இணையதளத்தின் முகவரி. ஆல்பத்தின் பெயர் வர வேண்டிய இடத்திலும் அதே முகவரி. பாடியவர் பெயர் வர வேண்டிய இடத்திலும் பல நேரம் அதேதான். படத்தின் போஸ்டர் மூலையில்கூட அந்தத் தளத்தின் முத்திரை இருக்கும். வாடகை கார், தனியார் பஸ், மினி வேன், டிராக்டர் என்று எதில் ஏறினாலும் இது சகஜம். பாட்டை எழுதியவர் யார் என்று அதில் எங்கும் தெரியாது. திருடி ஏற்றியவர் யார் என்பது மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் தவறாமல் ஓடும்.

பாட்டை இறக்காமல் இணையத்திலிருந்தே நேராகக் கேட்கும் ஸ்ட்ரீமிங் வந்தால் இதெல்லாம் தானாக ஒழிந்துவிடும் என்றார்கள். ஒழியவில்லை. உலக இசை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. 2023-இல் 26 நாடுகளில் கேட்டறிந்தபோது, 29 சதவீதம் பேர் ஏதாவது ஒரு சட்டவிரோத வழியில் பாட்டு கேட்பதாகவோ எடுப்பதாகவோ தெரியவந்தது. அதற்கு நான்கு வருடம் முன்னால், 2019-இல், இந்திய இசைத் தொழில் சங்கம் வெளியிட்ட கணக்கில் நம் நாட்டில் அப்படிக் கேட்பவர்கள் 67 சதவீதம்; அந்த ஆண்டின் உலகச் சராசரி 27. இவை இசைத் தொழில்காரர்களே எடுத்த கணக்குகள், அதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைக் கணக்குப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

‘ஓசியில் கிடைத்தால் யார் காசு கொடுப்பார்கள்?’ என்பது எல்லோரும் உடனே சொல்லும் பதில். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் ஸ்ட்ரீமிங்கே இங்கே ஓசியில்தான் கிடைத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டமாக்கியது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபோது விளம்பரத்தோடு இலவசம், விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 119 ரூபாய். அடுத்த மாதமே யூடியூப் மியூசிக் 99 ரூபாய்க்கு வந்தது. அப்புறம் ஒரு நாளைக்கு 7 ரூபாய் என்றுகூட ஒரு திட்டம் வந்தது. யூடியூபில் பெரும்பாலான படங்களின் பாட்டை அந்தந்த நிறுவனமே ஏற்றி வைத்திருக்கிறது. சட்டப்படியே இலவசமாகக் கேட்கலாம் என்ற நிலையிலும் ஒருவர் எங்கெங்கோ தேடி, நாலு பொய் டவுன்லோடு பொத்தானைத் தாண்டி, சூதாட்ட விளம்பரங்களை மூடி மூடி ஒரு ஜிப் கோப்பை இறக்குகிறார் என்றால், காசைத் தவிர வேறு காரணமும் இருக்க வேண்டும்.

காசு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்ல வரவில்லை. தினக்கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும் எந்தத் தொகையும் பயம்தான். இலவச வாசலும் வரவரக் குறுகிக்கொண்டே வந்தது. கானா என்ற பாட்டுச் செயலி 2022-இல் இலவசத்தை நிறுத்திச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்று மாறியது. ஸ்பாட்டிஃபை 2023 அக்டோபரில் இலவசக்காரர்கள் நினைத்த வரிசையில் கேட்பதையும் பாட்டைப் பின்னால் தள்ளிக் கேட்பதையும் நிறுத்தியது. இப்படி ஒவ்வொரு முறை வாசல் குறுகும்போதும் ஒரு கூட்டம், சந்தா கட்டாமலே எல்லாம் ஓடும்படி யாரோ மாற்றியமைத்துச் சுற்றவிட்ட ஏபிகே செயலிகள் பக்கம் போகிறது. இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள பழக்கமும் கிடையாது. பங்குச்சந்தைக்கு வந்த 2018-இல் ஸ்பாட்டிஃபையே, ஏறக்குறைய 20 லட்சம் பேர் காசும் கட்டாமல் விளம்பரமும் கேட்காமல் தன் செயலியைப் பயன்படுத்துவதாகச் சொல்லியது.

சரி, காசைத் தள்ளி வைத்துவிட்டு, வண்டியில் இந்தப் பாட்டுகளை ஓடவிடும் ஓட்டுநரின் பக்கம் வருவோம்.

நம் ஊரில் பாட்டு என்பது பல காலமாகக் கையில் வைத்துக்கொள்ளும் பொருள். 80களிலும் 90களிலும் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டில் கிழித்த தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், மெல்ட்ராக்கோ டி.டி.கே.யோ ஒரு காலி கேசட்டில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. கடைசியில் இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தால் அதை வீணாக்காமல் ஒரு சின்னப் பாட்டாகப் பார்த்துப் போடுவதில்தான் கடைக்காரரின் திறமை தெரியும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். ஆனால் கொடுத்தவரும் சரி, வாங்கியவரும் சரி, அதைத் திருட்டு என்று நினைத்ததே இல்லை. அப்புறம் எம்பி3 சிடி வந்தது, ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. அதற்கப்புறம் மெமரி கார்டு. பொருள்தான் மாறியது, பழக்கம் அப்படியே இருந்தது.

இன்றைக்கும் சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய செல்போன் கடையில் நின்றால் இதைப் பார்க்கலாம். ஸ்கிரீன் கார்டு ஒட்டுவதற்கும் ரீசார்ஜுக்கும் நடுவே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் அடுக்கடுக்காக ஃபோல்டர்கள்: ராஜா மெலடி, ராஜா சோகம், எம்.ஜி.ஆர். தத்துவம், குத்து, முருகன், ஐயப்பன், அம்மா சென்டிமென்ட், நைட் டிரைவிங். ஒரு வேன் ஓட்டுநர் பென்டிரைவை நீட்டி, “அண்ணே, ராஜா நைட் சாங்கு இதுல எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு போட்டு விடுங்க” என்கிறார். “பழசெல்லாம் அழிச்சிரட்டுமா தம்பி?” “முருகன் பாட்டை மட்டும் விட்டுருங்கண்ணே, காலையில வண்டி எடுக்கும்போது அதுதான் ஓடணும்.” வேலை முடிந்ததும் கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

கவனியுங்கள், அவர் காசு கொடுத்தார். பாட்டுக்குக் காசு தர மாட்டேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்தக் காசு பாடியவருக்கோ எழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ போக ஒரு வழி அந்தக் கடையில் இல்லை, அவ்வளவுதான்.

அவருக்கு ஏன் செயலி சரிப்படவில்லை? போனில் மேப் ஓடுகிறது, சவாரி எடுக்கும் செயலி ஓடுகிறது, நடுநடுவே ஓனர் கூப்பிடுகிறார். ஒவ்வொரு அழைப்புக்கும் பாட்டு நின்றால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வால்பாறை மலையிலும் கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளிலும் டவர் வரும், போகும். வண்டியில் இருப்பது யூஎஸ்பி ஓட்டை மட்டும் உள்ள பழைய செட். பென்டிரைவை அதில் சொருகிவிட்டால் அது வண்டியோடே கிடக்கும். நாளைக்கு மாற்று ஓட்டுநர் வந்தாலும் பாட்டு ஓடும். செயலியில் உள்ள பாட்டு ஒருவருடைய கணக்கோடும் ஒருவருடைய போனோடும் கட்டப்பட்டது. பஸ், டீக்கடை, ஒர்க்‌ஷாப், கோயில் கொடை என்று நம் ஊரில் பாட்டு ஓடும் இடங்களோ பொது இடங்கள். இந்தப் பொருத்தமின்மையை எந்த விலைக் குறைப்பும் சரிசெய்யாது.

செயலிகளில் இருக்கும் ‘டவுன்லோடு’ வேறு வகை. இறங்குவது பூட்டிய கோப்பு. அந்தச் செயலியைத் தவிர வேறு எதிலும் ஓடாது. ஸ்பாட்டிஃபையில் இறக்கி வைத்த பாட்டும் 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட்டால்தான் தொடர்ந்து ஓடும். நாள் கணக்கில் வாங்கிய சின்னத் திட்டத்தில் ஒரே போனில் 30 பாட்டு வரைதான் இறக்க முடிந்தது. நீங்கள் கட்டுவது கேட்பதற்கான அனுமதிக்கு. அனுமதி தீர்ந்தால் பாட்டும் போய்விடும்.

நீங்கள் ஒழுங்காகச் சந்தா கட்டிக்கொண்டிருக்கும்போதே போவதும் உண்டு. ஸ்பாட்டிஃபை இங்கே வந்த இரண்டே மாதத்தில், 2019 ஏப்ரலில், சரிகம நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன் பாட்டுகள் எல்லாம் எடுக்கப்பட்டன. சரிகம என்றால் பழைய எச்.எம்.வி. எம்.எஸ்.விஸ்வநாதன், கே.வி.மகாதேவன் காலத்துத் தமிழ்ப் பாட்டில் பெரும்பகுதி அவர்களிடம்தான் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களும் ஒப்பந்தத்துக்கு வர 2020 ஆகிவிட்டது. அதுவரை அந்தச் செயலியைத் திறந்த ஒரு அறுபது வயதுக்காரருக்கு அவருடைய இளமைக்காலம் மொத்தமும் அங்கே இல்லை. அதே 2019 ஏப்ரலில் டிப்ஸ் என்ற இசை நிறுவனத்துக்கும் ஏர்டெலின் விங்க் செயலிக்கும் நடந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், வானொலிக்கு உள்ளதுபோன்ற சட்டப்படியான உரிமம், அதாவது பேரம் பேசாமல் நிர்ணயித்த தொகையைக் கட்டிவிட்டு ஒலிபரப்பும் வழி, இணைய ஸ்ட்ரீமிங்குக்குப் பொருந்தாது என்றது. ஆக, ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனித்தனியாகப் பேரம் பேசித்தான் ஆக வேண்டும். 2023-இல் ஜீ மியூசிக்கோடு பேரம் படியாமல் ஸ்பாட்டிஃபையிலிருந்து அதன் இந்திப் பாட்டுகள் ஒரே இரவில் மறைந்ததும் இதே கதைதான்.

செயலியே மறைந்துபோவது இன்னொரு வகை. டிக்டாக்கை நடத்தும் நிறுவனத்தின் பாட்டுச் செயலியான ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தது. விங்க் 2014-லிருந்து இருந்தது. பத்து வருடம் ஒருவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியலை, ஒரு நிறுவனம் தன் தொழில் கணக்கு சரிவரவில்லை என்று முடிவெடுத்த நாளில் இழக்கிறார். எனக்கும் ஒரு செயலியில் பட்டியல் இருந்தது. ஒருநாள் அதில் பாதிப் பாட்டு சாம்பல் நிறமாகிவிட்டது, ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இப்படி ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த செயலியில் அதே பட்டியலைப் பொறுமையாக மறுபடி உருவாக்குவாரா, 64 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்குவாரா? பலரும் பென்டிரைவ்தான் வாங்குகிறார்கள். அவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இன்னொரு காரணத்தைத் தமிழ்ப் பாட்டில் ஊறியவர்கள் மட்டும்தான் புரிந்துகொள்வார்கள். திருட்டுத் தளங்களை நடத்துபவர்களுக்கு நாம் எப்படிப் பாட்டைத் தேடுவோம் என்று தெரியும். தமிழ் சினிமாப் பாட்டைப் படத்தின் பெயரோடுதான் நினைவில் வைத்திருக்கிறோம். அப்புறம் ஹீரோ, இசையமைப்பாளர், எந்த வருடம். அந்தத் தளங்களில் படங்கள் அகர வரிசையில் இருக்கும், ஹீரோ வாரியாக இருக்கும், பத்தாண்டு வாரியாக இருக்கும். பல நேரம் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பாடியவர், எழுதியவர் பெயர்களும் தளத்தில் இருக்கும். ஒலித்தரம் 128 வேண்டுமா, 320 வேண்டுமா என்று கேட்டு, முழுப் படத்தையும் ஒரே ஜிப்பாகத் தரும்.

பெரிய செயலிகளோ தனிப் பாடகர், அவருடைய ஆல்பம் என்ற மேற்கத்திய முறையில் கட்டப்பட்டவை. இளையராஜா பெயரையே ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதி நாலைந்து பக்கங்களில் பாட்டைச் சிதறவிட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பாட்டின் முதல் வரியில் ‘ழ’ வந்துவிட்டால் அதை எந்த ஆங்கில எழுத்தில் அடித்தார்களோ அந்த வினியோகஸ்தருக்கே வெளிச்சம். 70களின் படப் பாட்டுகள் மூலத் தொகுப்பாக இல்லாமல் ‘ஹிட்ஸ்’ என்ற பெயரில் யாரோ பின்னாளில் கட்டிய தொகுப்பில் கிடக்கும். எந்தப் படம், எந்த வருடம் என்று ஒன்றும் தெரியாது. டூயட்டில் ஒருவர் பெயரை மட்டும் போட்டு மற்றவரை விட்டிருப்பார்கள்.

இல்லாத பாட்டுகள் இன்னும் வேதனை. அந்தக் காலத்து நிறுவனங்களை எண்ணிப் பாருங்கள்: எச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோ, ஓரியன்டல், பிரமிட். சிலது கைமாறிவிட்டன, சிலது பெயரளவில் இருக்கின்றன. இளையராஜாவின் பாட்டுகள் யாருக்குச் சொந்தம் என்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்காக வழக்குகள் நடந்துவருகின்றன. உரிமை யாருடையது என்று தெளிவில்லாத பாட்டை எந்தச் செயலியும் தொடப் பயப்படும். படத்தில் வந்து இசைத்தட்டில் வராத பாட்டு, இசைத்தட்டில் வந்து படத்தில் வராத சரணம், நம் ஆட்கள் உயிரையே விடும் பின்னணி இசைத் துணுக்குகள் எல்லாம் பெரும்பாலும் அதிகாரபூர்வமாக எங்கும் இல்லை. கிடைக்கும் பழைய பாட்டிலும் சிலவற்றை ‘டிஜிட்டல் மெருகேற்றம்’ என்று சொல்லி, பாஸைத் தூக்கி, எதிரொலி சேர்த்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் சிலர் எல்.பி. ரெக்கார்டைத் தேடிப்பிடித்து, கழுவித் துடைத்து, நல்ல ஊசி போட்டு ஓடவிட்டு, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வகைக் கோப்பாக மாற்றித் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்கள். அதில் அவர்களுக்குப் பைசா வருமானம் இல்லை, செலவுதான். சட்டத்தின் கண்ணில் இவர்களுக்கும் முதல் நாளே புதுப்படப் பாட்டை ஏற்றி விளம்பரத்தில் சம்பாதிக்கும் தளத்துக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. என் கண்ணில் இருக்கிறது. இன்றைக்கு 80களின் இசையை அது வெளியான ஒலியிலேயே கேட்க முடிகிறதென்றால் அதற்கு இவர்களுடைய உழைப்பும் ஒரு காரணம். பழைய பாட்டு எல்லாம் பொதுச்சொத்துதானே என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படியும் இல்லை. நம் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான வருடத்துக்கு அடுத்து 60 ஆண்டுகள். 1960-இல் வந்த தட்டின் உரிமை 2020-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் வரிகளின் உரிமை எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை. கண்ணதாசன் மறைந்தது 1981, அவர் வரிகளுக்கு 2041 வரை காவல் உண்டு.

புதுப் பாட்டுகளின் திருட்டில் இன்று பெரும்பங்கு யூடியூபிலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பது. முகவரியை ஒட்டினால் எம்பி3 வரும். இதில் மிகப் பிரபலமாக இருந்த ஒரு ஜெர்மன் தளத்தின் மீது 2016-இல் இசை நிறுவனங்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டன, 2017-இல் அது மூடப்பட்டது. யூடியூபிலிருந்து இறக்க உதவும் யூடியூப்-டிஎல் என்ற மென்பொருளை 2020 அக்டோபரில், மென்பொருள்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து எடுக்கவைத்தார்கள். அடுத்த மாதமே அது திரும்பி வந்தது. ஒன்றை மூடினால் இன்னொன்று முளைப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை நீட்ட வேண்டாம்.

இதில் யார் வயிற்றில் அடி விழுகிறது என்பதைப் பேசியாக வேண்டும். ‘எப்படியும் பாட்டுக் கம்பெனிக்குத்தானே போகுது, பாட்டு எழுதினவனுக்கா போகப்போகுது’ என்று திருட்டை நியாயப்படுத்துபவர்கள் நிறைய. ஒரு காலத்தில் அதில் பெரும் உண்மை இருந்தது. படத்துக்கு எழுதும்போது ஒரு தொகை கொடுத்து எல்லா உரிமையையும் எழுதி வாங்கிவிடுவார்கள். 2012-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற பயன்பாடுகளின் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு, அதை அவர்களே நினைத்தாலும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. எனவே இன்று பென்டிரைவில் ஓடும் பாட்டு, உயிரோடு இருக்கும் ஒரு பாடலாசிரியரின் வருமானத்திலிருந்து கழியும் பாட்டுதான். அந்த நியாயத்தை இனி நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அதே நேரம் ஸ்ட்ரீமிங்கும் எல்லோருக்கும் படியளப்பதில்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்பட்டால்தான் அதன் ஒலிப்பதிவுக்குக் காசு. பழைய படத்தின் அபூர்வமான பாட்டை ஐந்நூறு பேர் தேடிவந்து ஆளுக்கு ஒருமுறை கேட்டாலும் அந்த ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு ஒன்றும் வராது. இந்த வருத்தம் நியாயமானதுதான், ஆனால் அதற்காகத் திருட்டுத் தளத்துக்குப் போவதால் அந்தப் பாட்டை உருவாக்கியவர்கள் யாருக்கும் ஒரு ரூபாயும் கூடப்போவதில்லை.

காசு வாங்கிக்கொண்டு பாட்டைக் கையிலேயே கொடுத்தால் மக்கள் வாங்குவார்களா? இரண்டு முயற்சிகள் நடந்திருக்கின்றன, இரண்டும் வேறு வேறு பதில் சொல்கின்றன. 2012 பிப்ரவரியில் ஃப்ளிப்கார்ட் ‘ஃப்ளைட்’ என்ற எம்பி3 கடையைத் திறந்தது. பூட்டு இல்லாத கோப்பு, ஒரு பாட்டு சில ரூபாய், தமிழும் உண்டு. 2013 ஜூனில் மூடிவிட்டார்கள். எல்லாம் திருட்டில் கிடைக்கும்போது இந்தியன் காசு கொடுக்க மாட்டான் என்பதற்கு அதைத்தான் இன்றுவரை சாட்சி காட்டுகிறார்கள். ஆனால் 2017-இல் சரிகம நிறுவனம் ‘கேரவான்’ கொண்டுவந்தது. பார்க்கப் பழைய ரேடியோ, உள்ளே 5,000 பாட்டு, விலை ஆறாயிரத்தை ஒட்டி. தமிழுக்குத் தனியாக ஒன்று வந்தது. இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம், சக்கரத்தைத் திருப்பினால் கலைஞர் வாரியாகப் பாட்டு. அறுபதாம் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் யூடியூபில் இலவசமாகக் கிடைத்தபோதே அது விற்றது. பென்டிரைவ் சொருக அதன் பின்னால் யூஎஸ்பி ஓட்டையும் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். வாங்குபவர் யார் என்று அந்த வடிவமைப்பாளருக்குத் தெரிந்திருக்கிறது.

ஃப்ளைட் தோற்றதற்கு ஆட்களின் குணம்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. ஆறு ரூபாய்ப் பாட்டுக்கு அன்று கார்டு எண் அடித்து, ஓடிபி வரக் காத்திருந்து, பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கார்டே இல்லாதவர்கள்தான் அதிகம். யூபிஐ வந்தது 2016-இல், அந்தக் கடை மூடி மூன்று வருடம் கழித்து. இன்று அதே செல்போன் கடை மேசையில் கியூஆர் அட்டை நிற்கிறது, பத்து ரூபாய் டீக்கும் ஸ்கேன் செய்கிறார்கள். முழுப் படத்தின் பாட்டையும் சரியான பெயர் விவரங்களோடு முப்பது நாற்பது ரூபாய்க்கு அந்தக் கடைக்காரர் மூலமாகவே விற்று, அவருக்கும் ஒரு பங்கு கொடுத்தால் என்ன என்று கேட்டால், நிறுவனங்களின் பக்கம் இருந்து ஒரே பயம்தான் வரும்: பூட்டில்லாத கோப்பை ஒருவருக்கு விற்றால் அது நூறு பேருக்குப் போய்விடும். படம் வெளியாகும் முன்பே, பாட்டு வந்த அன்று சாயங்காலத்துக்குள், 320 தரத்தில் அது லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. காசு கொடுக்கத் தயாராகக் கடை வாசலில் நிற்பவரிடம் வாங்காமல் இருப்பதால் அந்த லட்சத்தில் ஒன்றும் குறையப்போவதில்லை.